அத்தையோட தறியும், டப்பால கெடந்த துணி உருண்டைங்களும்

இது ஒரு பழைய கைத்தறிய ரிப்பேர் பண்ணி அதுல ஒரு விரிப்பு நெஞ்ச கதை. கூடவே எங்க மாமியாரப் பத்தியும் வரும், ரெண்டையும் தனித்தனியா எழுத எனக்கு வரல.

அத்தை போன வருஷம் 87 வயசுல போய்ச் சேந்தாங்க. அமெரிக்காவுல மினசோட்டா மாநிலத்துல சிசாகோ கவுண்ட்டின்னு ஒரு இடம், அதுல லிண்ட்ஸ்ட்ரோம்னு சின்ன ஊரு, அதுக்கு வெளியில பண்ணை வீடு. அந்த ஊருத் தண்ணித் தொட்டியே காபி கெட்டில் மாதிரி மூக்கும் கைப்பிடியும் வச்சுதான் இருக்கும், அதுமேல ஸ்வீடிஷ்ல நல்வரவு எழுதியிருக்கும். ஹைவே போர்டுல ஊர்ப் பேர்ல ஓ எழுத்து மேல இருந்த ரெண்டு புள்ளிய எடுத்துட்டாங்கன்னு ஊரே கொதிச்சுப்போயி, 2015ல கவர்னர் மார்க் டேட்டன் ஆர்டர் போட்டு அந்தப் புள்ளிய திரும்ப வைக்க வச்சாரு. அப்ப அத்தைக்கு எழுபத்தெட்டோ என்னமோ வயசு, புது போர்டு நட்ட அன்னிக்கே கார எடுத்துட்டுப் போயி பாத்துட்டு வந்தாங்க.

வீட்ட ஒழிக்கும்போது பேஸ்மெண்ட்ல ஒரு மூலையில பெரிய பெரிய சட்டமா மரம் சாத்தி வச்சிருந்துச்சு. மச்சான் அதை விறகுக்கு ஒதுக்கின கட்டைன்னே நெனச்சிட்டு இருந்தாரு. நான் பவானிக்காரன், எங்கப்பா ஜமக்காளம் நெஞ்சவரு, அந்தக் குவியல்ல அச்சுப்பலகைய (ஊடைய அடிச்சு நெருக்கற பலகை) பாத்த உடனே இது தறின்னு தெரிஞ்சுபோச்சு. பக்கத்துலயே காபித்தூள் தகர டப்பாவுங்க, ஒவ்வொண்ணுலயும் துணிய நீளமா வெட்டி கெட்டியா உருட்டின உருண்டைங்க, உருண்டைக்கு மேல மாஸ்கிங் டேப் ஒட்டி பென்சில்ல எழுதியிருக்கு. "அம்மா, மாவு மூட்டை." "சர்ச் கிச்சன்." "நைட் டியூட்டி." இப்படி. அதாவது அவங்க ஒரு விரிப்பு நெய்யத் தயார் பண்ணிட்டு, முழங்கால் வலி வந்ததும் தறிய மாட்ட முடியாம அப்படியே விட்டிருக்காங்க. அத முடிச்சுடலாம்னு நான்தான் வாய விட்டேன்.

அவங்க நெய்ய நெனச்சது ட்ராஸ்மத்தா. ஸ்வீடன்ல வீட்டுக்கு வீடு கெடக்கற கந்தல் விரிப்புதான், நீளவாக்குல ஓடற பாவு பருத்தி நூலு, குறுக்க போற ஊடைக்கு நூலுக்குப் பதிலா கிழிஞ்ச துணி. ஜமக்காளத்துக்குச் சித்தப்பா பையன்னு வச்சுக்கங்களேன், பட்டை பட்டையா கலர், தடிச்ச ஊடை, ஓங்கி அடிச்சு நெருக்கறது எல்லாம் ஒண்ணுதான். துணிங்கறது அங்க சும்மா வந்ததில்ல. ஆளிச்செடி நாருல நூல் எடுத்து, ஆட்டு மயிர் வெட்டி, வீட்லயே நூத்து நெஞ்சது, அதனால சட்டை கிழிஞ்சா ஒட்டுப் போட்டு, ஒட்டும் கிழிஞ்சா கடைசில தரைக்கு வரும்.

தறியோட மேல் சட்டத்துல 1891னு வருஷமும் ரெண்டு எழுத்தும் செதுக்கியிருக்கு, அது அத்தையோட தாத்தா. ஸ்வீடன்ல ஸ்மோலாந்துங்கற சீமையில இருந்து வந்தவரு. அந்தச் சீமையில வயல்ல மண்ண விட கல்லுதான் ஜாஸ்தி, 1860கள் கடைசில மழையும் குளிரும், அப்பறம் வறட்சியும் சேந்து வெள்ளாமைய ஒழிச்சு பஞ்சம் வேற. அப்பறம் வேகமெடுத்த கப்பலேத்தம் 1880கள்ல உச்சத்துக்குப் போச்சு, அந்தப் பத்து வருஷத்துல மட்டும் மூணு லட்சம் பேருக்கு மேல கெளம்பி அமெரிக்கா வந்திருக்காங்க. 1930 வரைக்கும் மொத்தமா எடுத்தா 12, 13 லட்சம். அவரு தறிய கப்பல்ல கொண்டாரல, இங்க வந்து இங்க உள்ள மரத்துல அங்க பழகின அளவுல செஞ்சிருக்காரு.

சரி வேலைக்கு வரேன்.

தறில ஆணி போல்ட் ஒண்ணும் கெடையாது, துளையில நாக்கு விட்டு மர ஆப்பு அடிச்சு நிக்கற சட்டம். ரெண்டே விழுது (பாவு இழைய மேல கீழ தூக்கற கண்ணி) வரிசை, மேல உருளைல கயிறு ஓடும், ஒரு மிதிய அமுக்கினா ஒண்ணு கீழ வரும், மத்தது தானா மேல போகும். அச்சுப்பலகை மேல இருந்து ஊஞ்சலாட்டம் தொங்கறது, நம்மூரு தறி மாதிரியேதான், குழி மட்டும் இல்ல, பெஞ்சு போட்டு ஒக்காரணும். வெய்யக்காலத்து ஈரத்துல பேஸ்மெண்ட்ல பூஞ்சை பூத்து கட்டையெல்லாம் சாம்பல் பூசின கணக்கா இருந்துச்சு. எல்லாத்தையும் வெளிய தூக்கிட்டு வந்து, முகத்துல மாஸ்க் போட்டு (இது முக்கியம், காஞ்ச பூஞ்சைய தட்டினா பறக்கும்), வினிகரும் தண்ணியும் பாதிக்குப் பாதி கலந்து தொடச்சு, நெழல்ல நல்லா காய விட்டேன். வெய்யில்ல போட்டுடாதீங்க, இவ்வளவு பழைய மரம் ஒரே பக்கம் காஞ்சா முறுக்கிக்கும், வெடிக்கும்.

காஞ்சதும் ஆளிவிதை எண்ணெயும் டர்பென்டைனும் சரிபாதி கலந்து மெல்லிசா ஒரு பூச்சு, அரை மணி ஊறவிட்டு மிச்சத்த துணியால தொடச்சு எடுத்தரணும், தேங்கினா பிசுபிசுன்னு பல மாசம் ஒட்டும். இங்க ஒரு எச்சரிக்கை. அந்த எண்ணெய் தொடச்ச துணிய சுருட்டி குப்பைல போடவே கூடாது. ஆளிவிதை எண்ணெய் காத்தோட சேந்து காயறப்ப சூடு வரும், சுருட்டி வச்ச துணிக்குள்ள அந்தச் சூடு வெளிய போக வழியில்லாம தானா பத்திக்கும். நெசமாவே பத்திக்கும், பல பட்டறைங்க அப்படி எரிஞ்சிருக்கு. ஒண்ணு வெளிய கொடில விரிச்சுக் காயப்போடுங்க, இல்ல தண்ணி வாளில முக்கி வைங்க.

பெரிய ரிப்பேர் பாவு உருளையோட பல்சக்கரம். மரத்துலயே செதுக்கின சக்கரம், அதுல ஒரு பல்லு மொட்டையா ஒடஞ்சிருந்துச்சு. சாதாரண துணி நெய்யறதா இருந்தா அந்தப் பல்ல தாண்டி அடுத்ததுல மாட்டிட்டு ஓட்டிரலாம், ஆனா கந்தல் விரிப்புக்கு பாவ வீணைத் தந்தி மாதிரி முறுக்கி இழுத்து வைக்கணும், பல்லப் பிடிச்சு நிறுத்தற தாழ்ப்பாள் கட்டை நடுவுல நழுவுச்சுன்னா உருளை சுத்தி வந்து கைய ஒடைச்சுரும். அதனால ஒடஞ்ச எடத்த உளியால மட்டமா செதுக்கி, நடுவுல கொஞ்சம் பள்ளமா எடுத்து, மேப்பிள் மரத்துண்டு ஒண்ண அந்தப் பள்ளத்துல கச்சிதமா ஒக்காற மாதிரி இழைச்சு எப்பாக்சி வச்சு ஒட்டினேன். மர நார் ஓட்டம் சக்கரத்தோட நடுவுல இருந்து வெளிய போற தெசைல இருக்கணும், குறுக்க இருந்தா மொத இழுப்புலயே பல்லு சீவிக்கிட்டுப் போயிரும். ராத்திரி பூரா கிளாம்ப் போட்டு வச்சு, காலைல ரெண்டு ஸ்க்ரூ, அப்பறம் அரத்தால மத்த பல்லு வடிவத்துக்குத் தேச்சு எடுத்தேன். கலர்தான் வெள்ளையா தனியா தெரியுது, தெரியட்டும்னு விட்டுட்டேன்.

கயிறெல்லாம் மக்கிப்போயி கை வச்சா பொடியாச்சு, நூல் விழுதும் அப்படியே. இதுக்கு டெக்ஸ்சால்வ்னு ஸ்வீடன்ல செய்யற பாலியஸ்டர் கயிறு இருக்கு, நீளம் பூரா பொத்தான் துளை மாதிரி கண்ணு கண்ணா நெஞ்சிருக்கும், எந்தக் கண்ணுல வேணா ஒரு பிளாஸ்டிக் முளைய சொருகினா அளவு நின்னுரும். முடிச்சுப் போட்டு அவுத்து திரும்பப் போட்டுன்னு எங்கப்பா மிதிகட்டைக்கு அடியில ஒக்காந்து மல்லுக்கட்டினதெல்லாம் ஞாபகம் வந்துச்சு, இது அவரு கைக்குக் கெடச்சிருந்தா எவ்வளவு நேரம் மிச்சமாயிருக்கும். வெட்டின முனைய லைட்டர்ல லேசா காட்டி உருக்கிருங்க, இல்லன்னா பிரிஞ்சுகிட்டே வரும். விழுதும் அதே ஐட்டத்துல ரெடிமேடா கெடைக்குது.

பலகைல மாட்டற சீப்பு மாதிரி கம்பி அச்சு துருப்பிடிச்சிருந்துச்சு. தேச்சுப் பாத்தேன், மேல் துரு போச்சு, ஆனா கம்பியில சின்னச் சின்னக் குழி விழுந்திருச்சு, அது பாவ அறுக்கும், வெள்ளை நூல்ல கறையும் ஏத்தும். பழச சுவத்துல மாட்டிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல புதுசு வாங்கிட்டேன், 10 செ.மீ.க்கு 30 பல்லு. இந்த விஷயத்துல கஞ்சத்தனம் வேண்டாம்.

இப்ப உருண்டைங்க. இதுக்குத்தான் ரொம்ப நேரம் புடிச்சுது, ஆனா ஒரு வேலையும் நடக்கலன்னு சொல்லணும். என் மனைவி, அவ அக்கா, மச்சான், பசங்க எல்லாரும் கிச்சன் டேபிள சுத்தி ஒக்காந்து ஒவ்வொரு உருண்டையையும் பிரிக்கறதும் கத சொல்றதும்தான்.

"அம்மா, மாவு மூட்டை"ல மஞ்சளும் பச்சையுமா பூப்போட்ட பருத்தி. 1930கள்ல இருந்து 50கள் வரைக்கும் இங்க மாவும் கோழித்தீவனமும் பருத்தி மூட்டைலதான் வரும், அந்த மூட்டைத்துணிய பொம்பளைங்க டிரஸ் தைக்கறாங்கன்னு தெரிஞ்சுகிட்ட கம்பெனிக்காரங்க பூப்போட்ட துணியிலயே மூட்டை போட ஆரம்பிச்சாங்க. பெரிய ஆளுக்கு ஒரு கவுன் தைக்க மூணு மூட்டை வேணும், மூணும் ஒரே டிசைனா இருக்கணும், அதுக்காக தீவனக் கடையில அடுக்கின மூட்டைய எல்லாம் நகத்தி அடியில இருக்கறதத் தேடி எடுக்கறது அத்தையோட அப்பாவுக்குப் பெரிய தலைவலி. இந்தத் துணி அத்தையோட அம்மா போட்ட கவுனு, அப்பறம் அதையே வெட்டி அத்தைக்கு ஸ்கூல் டிரஸ், அப்பறம் தலகாணி உறை. இப்ப உருண்டை.

"சர்ச் கிச்சன்" ஒரு ஏப்ரன், காபிக் கறை அப்படியே இருக்கு. லூத்தரன் சர்ச் பேஸ்மெண்ட்ல கல்யாணமோ எழவோ எதுவா இருந்தாலும் காபி அத்தை பொறுப்பு, அதுவும் முட்டைக் காபி. நம்பாதவங்களுக்குச் சொல்றேன், காபித்தூள்ல பச்சை முட்டைய ஓட்டோட சேத்து நொறுக்கிப் பெசஞ்சு, கொதிக்கற தண்ணில போட்டு மூணு நாலு நிமிஷம் பொங்க விட்டு, எறக்கி ஒரு டம்ளர் ஐஸ் தண்ணி ஊத்துனா தூளும் முட்டையும் கட்டியா சேந்து அடியில போயிரும், மேல தேன் கலர்ல தெளிவா காபி நிக்கும், கசப்பே இருக்காது. மொத தடவ நான் டிகாஷன் ஞாபகத்துல பாலத் தேடினப்ப, மொதல்ல அப்படியே குடி அப்பறம் பேசுன்னாங்க. முட்டை வாசம் வரவே இல்ல, அது இன்னிக்கு வரைக்கும் எனக்கு ஆச்சரியம்தான்.

"நைட் டியூட்டி" அவங்க நர்ஸ் யூனிஃபார்ம், வெள்ளை, பாலியஸ்டர் கலந்தது. மூணு புள்ளைங்களையும் தூங்க வச்சுட்டு ராத்திரி வேலைக்குப் போயி, காலைல வந்து மாமா பால் கறந்து முடிக்கறதுக்குள்ள அடுப்புல கஞ்சி வச்சு, புள்ளைங்கள ஸ்கூல் பஸ் ஏத்தி விட்டுட்டு அப்பறம் படுப்பாங்களாம். எங்க பசங்களுக்கு இதெல்லாம் தெரியாது. அவங்களுக்குத் தெரிஞ்ச மொர்மொர் (ஸ்வீடிஷ்ல அம்மாவோட அம்மா) ஏலக்காய் பன் செய்யறப்ப மாவுல முடிச்சுப் போடக் கத்துக்குடுக்கற பாட்டி, லூசியாங்கற ஸ்வீடிஷ் பண்டிகை அன்னிக்கு டிசம்பர் 13 விடியக்காலைல இருட்டுல பேத்தி தலைல மெழுகுவத்திக் கிரீடத்த வச்சு (பேட்டரி மெழுகுவத்திதான், பயப்படாதீங்க) குங்குமப்பூ ரொட்டிய தட்டுல தூக்கிட்டு வர வைக்கற பாட்டி. ஏலக்காய் அவங்களே உரல்ல இடிப்பாங்க, பொடி வாங்கினா திட்டு விழும். இந்த ஒரு விஷயத்துல அவங்களும் எங்கம்மாவும் ஒரே கட்சி.

எங்கம்மாவோட சேலையும் ஒரு உருண்டையா இருந்துச்சு. அரக்கு கலர்ல வெள்ளைப் புள்ளி, மதுரைச் சுங்குடி. அம்மா இங்க வந்தப்ப குடுத்தது, அத்தைக்கு கட்டத் தெரியாததால பல வருஷம் டேபிள் மேல விரிச்சிருந்தாங்க, கறை பட்டு ஓரமும் கிழிஞ்சதும் வீடியோ கால்ல அம்மாகிட்ட இத வெட்டி விரிப்புல சேத்துக்கட்டுமான்னு பெர்மிஷன் கேட்டாங்க, நான்தான் நடுவுல ஒக்காந்து மொழிபெயர்த்தது. அம்மா ஒரு செகண்ட் யோசிச்சுட்டு, "அதுக்கென்ன சாமி, பழைய சேலைல தொட்டில் கட்றோம், கரித்துணி கிழிக்கிறோம், அவங்க கால்மிதி பண்றாங்க, தாராளமா வெட்டிக்கச் சொல்லு, சரிகைய மட்டும் தனியா எடுத்துரச் சொல்லு, கால்ல குத்தும்"னாங்க. சரிகை ஓரம் உருண்டைல இல்ல. டப்பாவோட அடியில தனியா மடிச்சு வச்சிருந்தாங்க.

சுங்குடிக்கு இன்னொரு வேல இருந்துச்சு, சாயம். பக்கத்துல வெள்ளை யூனிஃபார்ம் வரப்போகுது, எறங்குச்சுன்னா நாசம். உப்பு போட்டா சாயம் நிக்கும்னு ஆளாளுக்குச் சொல்வாங்க, அது ஏற்கனவே போட்ட சாயத்துக்குப் பெருசா ஒண்ணும் பண்ணாது. பச்சைத் தண்ணில அலசிட்டே இருந்து, ஈரத்துணிய வெள்ளை பேப்பர் டவல்ல அழுத்திப் பாத்தா கறை ஏறக்கூடாது, அதான் டெஸ்ட்.

மிச்சம் மாமாவோட நீல ஓவரால் டெனிம், புள்ளைங்க ஃபிளானல் பைஜாமா, ஒரு திரைச்சீலை. அப்பறம் ஒரு தீராத சண்டைக்காரி, 1970கள்ல அத்தை தானே தச்சுப் போட்ட ஆரஞ்சு கலர் பாலியஸ்டர் பேண்ட்சூட். அது நிட் துணி, ரப்பர் மாதிரி இழுபடும், தறில இழுத்து அடிக்கறப்ப நல்லா இருக்கும், எறக்கினதும் சுருங்கி அந்த எடம் மட்டும் இடுப்பு மாதிரி உள்ள போயிரும். எனக்கு விட்ரலாம்னுதான். ஆனா மூணு புள்ளைங்களும் ஒரே கொரலா அது இல்லாம அம்மா இல்லன்னுட்டாங்க. சரின்னு ஒரு செ.மீ. அகலத்துக்கு மெல்லிசா வெட்டி, ஒரே எடத்துல போடாம டெனிமுக்கு நடுவுல ஒவ்வொரு வரிசையா தூவி விட்டேன், இழுக்காம தளர்த்தி.

பாவுக் கணக்கு வேணும்னா: அச்சுல அகலம் 75 செ.மீ., 10 செ.மீ.க்கு 30ன்னா 225 இழை, ரெண்டு ஓரத்துலயும் நாலு நாலு பல்லுல ரெட்டை இழை, ஆக 233. விரிப்பு 1.8 மீட்டர், ஊடைய சுத்தி வளைஞ்சு போறதுக்கும் சுருக்கத்துக்கும் ஒரு கால் மீட்டர், குஞ்சத்துக்கு 30 செ.மீ., தறில வீணாப் போறது ஒரு மீட்டர், கூட்டி கொஞ்சம் தாராளமா 3.5 மீட்டர்னு வச்சுகிட்டேன். 815 மீட்டர் சில்லறை நூலு. 12/6ங்கற தடிமன் பருத்திப் பாவு நூல்ல அது கால் கிலோதான், ஊடைத் துணி அத மாதிரி பல மடங்கு. உருளைல சுத்தறப்ப ஒவ்வொரு சுத்துக்கும் நடுவுல மெல்லிய குச்சி வச்சு சுத்துங்க, இல்லன்னா மேல் சுத்து அடிச் சுத்துக்குள்ள புதைஞ்சு ஒரு பக்கம் இறுக்கம் ஒரு பக்கம் லூசுன்னு ஆயிரும். ஒரு சந்தேகத்துக்கு மினியாபோலிஸ்ல நெசவாளர் சங்கம் ஒண்ணு இருக்கு, 1940ல இருந்து ஓடுது, அங்க ஒரு பாட்டியம்மா தறி போட்டோவப் பாத்துட்டு அச்சுப்பலகை அடியில ஏன் இரும்புப் பட்டை இருக்குன்னு வெளக்கினாங்க. வெயிட்டுக்கு. கைய ஓங்க வேண்டாம், பலகைய விட்டா அதுவே போயி அடிக்கும்.

அத அனுபவிச்சுப் பாத்தாதான் தெரியும். ரெண்டு செ.மீ. துணிய நாடால (ஊடைய குறுக்க கொண்டுபோற கட்டை) விட்டு, நேரா இழுக்காம வில்லு மாதிரி வளைச்சு வச்சு, மிதிய மாத்தி, பலகைய விட்டா தொம்முன்னு ஒரு அடி, திரும்ப ஒண்ணு. வீடே அதிரும். வளைச்சு வைக்கலன்னா ஓரம் உள்ள இழுத்துகிட்டே போகும், கந்தல் விரிப்புல எல்லாருக்கும் வர்ற வியாதி அதான், அகலத்த விரிச்சுப் பிடிக்க ஊசிமுனை வச்ச கட்டைய மாட்டி ரெண்டு மூணு விரற்கடைக்கு ஒருக்கா நகத்திட்டே வரணும். ஒரு பட்டை முடிஞ்சு அடுத்தது சேக்க தையல் வேண்டாம், ரெண்டு முனையையும் சாய்வா சீவி ஒண்ணு மேல ஒண்ணு அஞ்சு செ.மீ. படுக்க வச்சா போதும், அடில அமுங்கிரும். சாய்வா சீவலன்னா அந்த எடத்துல மொத்தமா ஒரு புடைப்பு நிக்கும்.

பசங்க மாத்தி மாத்தி ஒக்காந்தாங்க. சின்னவ அடிச்ச எடம் கொஞ்சம் கலகலன்னு இருக்கும், பெரியவன் அடிச்சது பலகை மாதிரி. அவிழ்த்து சரி பண்ணலாமான்னு மனைவி கேட்டா, வேண்டாம்னேன்.

நெஞ்சு எறக்கினதும்தான் பஞ்சாயத்து. மனைவியோட அக்காவுக்கு இத கண்ணாடி போட்டு சுவத்துல மாட்டணும், அம்மா துணிய எப்படி மிதிக்கறதுன்னு அவங்களுக்கு மனசு வரல. எனக்குப் புரியாம இல்ல. ஆனா அத்தை வீட்டுல ட்ராஸ்மத்தா எப்பவாச்சும் சுவத்துல தொங்குச்சான்னு கேட்டேன். ஜூலை மாசம் வந்தா ஏரிப் படித்துறைல எல்லா விரிப்பையும் போட்டு, முட்டி போட்டு ஒக்காந்து பைன் வாசன சோப்புல பிரஷ் வச்சுத் தேய்ப்பாங்களே, ஸ்வீடன்ல சில எடத்துல இன்னிக்கும் அதுக்குன்னே கரையில தனி மேடை போட்டு வச்சிருக்காங்களே, மிதிக்கலன்னா எதுக்குத் தேய்க்கணும். அவங்க சாகற வரைக்கும் டேப்ல எழுதி வச்சது தரையில போடறதுக்கு. மச்சான் என் பக்கம், பசங்க அதுக்குள்ள அதுமேல ஏறி நின்னாச்சு.

ஏரில சோப்பு விடக்கூடாதுன்னு இப்ப எல்லாரும் சொல்றதால மொத அலசல் புல்தரையில, ஹோஸ் வச்சு. குஞ்சத்த நாலு நாலு இழையா முடிச்சுப் போட்டு, மட்டமா படுக்க வச்சுக் காய வச்சேன், கொடில ஒரே மடிப்பாத் தொங்கவிட்டா தண்ணி வெயிட்டுக்கு நீண்டுரும். காஞ்சு பாத்தப்ப 1.77 மீட்டர். பேண்ட்சூட் இருந்த எடத்துல ஒரு விரல் அளவுக்கு உள்ள போயிருக்கு, அவ்வளவுதான், சுங்குடிச் சாயம் துளி எறங்கல. இப்ப எங்க கிச்சன்ல சிங்க்குக்கு முன்னாடி கெடக்கு, அடியில நழுவாம இருக்க ரப்பர் வலை. போன வாரம் சாம்பார் ஒரு கரண்டி அதுமேல கொட்டுச்சு, மஞ்சள் கறை போகல.

அடுத்த பாவு ஏழு மீட்டர் போடணும், மச்சானுக்கு ஒண்ணு அக்காவுக்கு ஒண்ணு. மாவு மூட்டைத் துணி தீந்துபோச்சு, மத்ததெல்லாம் ரெண்டுக்குப் பத்தும். அக்கா தன்னோடதுல பேண்ட்சூட் ரெண்டு மடங்கு வேணும்னு இப்பவே சொல்லி வச்சிருக்காங்க, ஓரம் உள்ள போகும்னு நான் சொல்லியாச்சு, கேக்கற மாதிரி தெரியல.